கயிற்றில் ஒட்டிய சேறு

அன்புள்ள அண்ணா,

போன மாதம் எங்கள் பாட்டி தவறிவிட்டார். நாங்கள் எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அவர் மட்டும் கடைசிவரை மாரியம்மனுக்கு விளக்கு வைத்தார். துக்கம் கேட்க வந்த சபைக்காரர் ஒருவர், "சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டுட்டீங்களே" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. முடிவில் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பும் கிறிஸ்தவர்களும் உண்டாமே? அப்படியென்றால் கொலைகாரனுக்கும் மோட்சமா? 'நித்திய ஆக்கினை' என்று மத்தேயு 25:46 சொல்கிறதே?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

துக்க வீட்டில் வந்து அப்படிப் பேசியவரை முதலில் மறந்துவிடுங்கள்.

அந்த நம்பிக்கை நேற்று முளைத்ததல்ல. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் என்ற இறையியலாளர் அதைப் பேசினார். 553-இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் கூடிய ஆயர்களின் சங்கம் அவரைச் சபித்தது. ஆனால் அதையே நான்காம் நூற்றாண்டில் வெளிப்படையாக எழுதிய நீசா நகர கிரகோரியை யாரும் தொடவில்லை, இன்றும் அவர் புனிதர்தான். (சபை வரலாற்றில் இப்படி வேடிக்கைகள் நிறைய.)

கிரகோரியைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். அண்ணன் பசில் இறந்த துக்கத்தோடு அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போகிறார், அங்கே அக்காவும் மரணப்படுக்கையில் கிடக்கிறார். இருவரும் பேசியதாக அவர் எழுதிய உரையாடலில் ஆசிரியர் அக்காதான், தம்பி கேள்வி கேட்கிற மாணவன். சேறு காய்ந்து அப்பிய கயிற்றை ஒரு சின்னத் துளை வழியாக இழுத்தால் என்ன ஆகும் என்கிறார் அக்கா. கயிறு நம் ஆத்துமா, சேறு பாவம், இழுப்பவர் கடவுள். இழுப்பவன் கயிற்றை வெறுப்பதில்லை, அது தன் பக்கம் வர வேண்டும் என்றுதான் இழுக்கிறான். சேறு உரியும், வலிக்கும், எவ்வளவு சேறோ அவ்வளவு வலி. கொலைகாரனைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். அவனுக்கு ஒன்றும் சும்மா கிடைப்பதில்லை, இழுபடும் நேரம் அவனுக்கு மிக நீளம், ஆனால் கயிறு என்று ஒன்று உள்ளே இருக்கும்வரை அது ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும்.

சரி, மத்தேயு. அங்கே 'நித்திய' என்று நாம் படிக்கும் கிரேக்கச் சொல் 'அயோனியோஸ்', யுகத்துக்குரியது என்று பொருள்படும். ரோமர் 16:25-ஐப் பாருங்கள், அதே சொல்லை நம் பழைய தமிழ் வேதாகமம் 'ஆதிகாலமுதல்' என்று மொழிபெயர்த்திருக்கிறது. அதுவரை அடக்கமாயிருந்த இரகசியம் 'இப்பொழுது' வெளிப்பட்டதாம். ஆக அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் முடிவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் பழைய சபைத் தந்தையான அகஸ்டின் இங்கே மடக்குவார்: அதே வசனத்தில் 'நித்திய ஜீவன்' என்பதற்கும் அதே சொல்தானே, ஆக்கினை முடியுமென்றால் ஜீவனும் முடிய வேண்டாமா? வலுவான கேள்வி, சிரித்துத் தள்ளக்கூடாது. என் பதில், ஜீவன் முடியாது என்பதற்கு அந்தச் சொல்லை நம்பியிருக்கத் தேவையில்லை, சாவாமையைப் பற்றி 1 கொரிந்தியர் 15 தனியாகவே பேசுகிறது, அதே அதிகாரத்தில்தான் 'கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்' என்றும் வருகிறது. 'எல்லாரும்' என்றால் விசுவாசிகள் மட்டும் என்று மறுதரப்பு சொல்லும், எனக்கு அது ஒட்டவில்லை, அதே வாக்கியத்தில் ஆதாமுக்குள் மரிக்கிற 'எல்லாரும்' மட்டும் எப்படி நிஜமாகவே எல்லாரும் ஆனார்கள்?

நான் கிரகோரி பக்கம். நீங்களும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தச் சபைக்காரர் மறுபடி வந்தால் வாதாடாதீர்கள், காபி கொடுத்து அனுப்புங்கள். பாட்டியைப் பற்றி மட்டும் பேச விடாதீர்கள்.