தளவிளைவுற்ற ஒளியும் (மின்புலம் அதிரும் திசை ஒழுங்குபட்ட ஒளி) டோபாலஜிக்கல் பொருள்களும்: கேள்வி பதில்

கேள்வி: பனிக்கட்டி உருகுவது கண்ணுக்குத் தெரிகிறது. டோபாலஜிக்கல் நிலைமாற்றத்தில் எது மாறுகிறது?

அணுக்கள் இடம்பெயர வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதன் சிக்கல். பிஸ்மத் செலினைடில் எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் (ஸ்பின்) அதன் சுற்றுப்பாதைக்கும் இடையிலான பிணைப்பு வலுவானது. அதனால் ஆற்றல் பட்டைகள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்புகள்) தலைகீழாகி, உட்பகுதி மின்காப்பானாகவும் மேற்பரப்பு கடத்தியாகவும் அமைகின்றன; இதுவே டோபாலஜிக்கல் நிலை. பிஸ்மத்தின் ஒரு சிறு பங்கை எடைகுறைந்த இண்டியத்தால் மாற்றினால் அப்பிணைப்பு தளர்ந்து, பட்டை இடைவெளி ஒருமுறை மூடி, வழக்கமான வரிசையில் மீண்டும் திறக்கிறது. படிகத்தின் சமச்சீர்மை முன்னும் பின்னும் ஒன்றே என்பதால், சமச்சீர்மையை மட்டும் பார்க்கும் அளவீடு இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் கடந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் ஒளி அதை எவ்வாறு கண்டது?

2022இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியான ஆய்வு, இதே இண்டியம் கலந்த படிகங்களின் மீது வலிமையான லேசர் துடிப்புகளைச் செலுத்தி, அவற்றிலிருந்து வெளிவரும் உயர் சீரிசைகளை (லேசரின் அதிர்வெண்ணைப்போல் பல மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி) அளந்தது. வாயு அணுக்களில் வட்டத் தளவிளைவுற்ற ஒளி (மின்புலத்தின் திசை வட்டமாகச் சுழலும் ஒளி) எலக்ட்ரானைச் சுழற்றி இழுப்பதால் அது தன் அயனிக்குத் திரும்புவதில்லை. சீரிசையும் ஏறத்தாழ மறைந்துவிடும். டோபாலஜிக்கல் மேற்பரப்பிலோ எலக்ட்ரானின் தற்சுழற்சி அதன் உந்தத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது. எனவே ஒளியை நேர்கோட்டிலிருந்து வட்டத்திற்குப் படிப்படியாக மாற்றும்போது சீரிசையின் செறிவு மாறும் விதம், இண்டியம் கூடிய சாதாரண நிலையில் காணப்படுவதிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

கேள்வி: கெர் சுழற்சி, அதாவது பொருளில் பட்டு எதிரொளிக்கும் ஒளியின் தளவிளைவுத் திசை திரும்புவது, தெரிந்தால் பொருள் டோபாலஜிக்கல் என்று சொல்லலாமா?

கூடாது. இரும்பும்தான் கெர் சுழற்சி காட்டுகிறது. கோபால்ட், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த வைல் அரைஉலோகம் (இதுவும் ஒரு டோபாலஜிக்கல் பொருள்) ஒன்றில் சுமார் 177 கெல்வினுக்குக் கீழே அது தோன்றுவதற்குக் காரணம் காந்த ஒழுங்கு. பிஸ்மத் செலினைடு மென்படலங்களில் 2016இல் அளக்கப்பட்ட டெராஹெர்ட்ஸ் சுழற்சி மட்டும் வேறு வகை: அங்கே கோணம் ஏறத்தாழ 1/137 மதிப்புள்ள நுண்கட்டமைப்பு மாறிலியால் நிர்ணயிக்கப்பட்டுக் குவாண்டமாகிறது, அதாவது குறிப்பிட்ட படிகளில் மட்டுமே அமைகிறது.

கேள்வி: மாதிரியைக் குளிர்விக்கும்போது, காந்தப்புலம் இல்லாமலே தளவிளைவுக் கோணம் மெல்ல நகர்கிறது. நிலைமாற்றமாக இருக்குமா?

முதலில் கிரையோஸ்டாட்டின் (மாதிரியைக் குளிர்விக்கும் கலன்) சன்னலைச் சந்தேகியுங்கள். இறுக்கிய கண்ணாடி குளிரும்போது தகைவுக்கு உள்ளாகி இரட்டை ஒளிவிலகல் காட்டும்; அதுவே தளவிளைவை மாற்றிவிடும். ஒரே ஒரு திருகு அதிகம் முறுக்கப்பட்டிருந்ததால் நான் மூன்று வாரங்களை இழந்திருக்கிறேன். மாதிரி இருந்த இடத்தில் தங்கம் பூசிய ஆடியை வைத்து, அதே வெப்பநிலைகளில் மீண்டும் அளந்து பாருங்கள். நகர்வு அப்போதும் இருந்தால் அது உங்கள் படிகத்தினுடையது அன்று. ஆடியில் நகர்வு இல்லையென்றால், படிகத்தை அதன் மேற்பரப்புக்குச் செங்குத்தான அச்சில் 90 பாகை திருப்புங்கள். படிகத்தின் திசைசார் பண்பால் எழும் குறிகை, ஒளியின் தளவிளைவுத் திசை மாறாதிருக்கும்போது, தன் குறியை மாற்றிக்கொள்ளும்.