எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளையை யார் பிடிப்பது?

கேள்வி: ஹட்டனில் தனியார் மருத்துவ நிலையமொன்றில் எக்ஸ்ரே அறை உதவியாளராக இருக்கிறேன். அழுது அசையும் சின்னப் பிள்ளைகளை நான்தான் பிடித்துக்கொள்வேன். இப்போது எனக்கு இரண்டு மாதம். வேலையை விட்டுவிடச் சொல்கிறார் மாமி. விட வேண்டுமா?

பதில்: வேலையை விட வேண்டாம். பிள்ளை பிடிப்பதை இன்றோடு விடுங்கள்.

பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் எக்ஸ்ரே கதிர் நின்றுவிடும். அறையில் எதுவும் தங்காது. அதனால் அறையைத் துடைப்பதற்கும் கட்டிலைச் சரிசெய்வதற்கும் பயம் வேண்டாம். படம் எடுக்கும் அந்த நொடியில் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் விஷயம். அப்போது உங்கள் மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிர். ஒரு மீட்டரில் நின்றவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளிப்போனால் அது ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். பிடித்துக்கொள்பவரோ ஒட்டியே நிற்கிறார்.

ஒரு தடவை பிடிக்கும் அப்பாவுக்கு அது மிகச் சிறிய அளவு. தினமும் பிடிக்கும் உங்களுக்குச் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே கூட வந்தவருக்குக் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை மாட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அம்மா என்றால், கர்ப்பமா என்று முதலில் கேளுங்கள். மணல் பையும் பட்டியும் போதுமென்றால் யாருமே பிடிக்க வேண்டாம். நம் குளிருக்குப் பிள்ளைகள் இரண்டு மூன்று ஸ்வெட்டரோடு வருவார்கள். ஜிப், பட்டன், கழுத்துச் சங்கிலி படத்தில் விழுந்தால் திரும்ப எடுக்க நேரும்; பிள்ளைக்கு அது வீண் கதிர். முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

ஏப்ரனை மடித்துக் கதிரையில் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உள்ளே ஈயத் தகட்டில் விரிசல் விழும், வெளியே தெரியாது. அகலமான கம்பியில் தொங்கவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதையே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கர்ப்பத்தை மேலதிகாரியிடம் எழுத்திலேயே அறிவியுங்கள். அதன்பின் பிரசவம் வரை வயிற்றுப் பிள்ளைக்குப் படும் கதிர் 1 மில்லிசீவெர்ட்டை (கதிரை அளக்கும் அலகு) தாண்டாதபடி வேலையை மாற்றித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. கதிர் அளவு பார்க்கும் பேட்ஜை ஸ்வெட்டருக்கு வெளியே, ஏப்ரனுக்கு உள்ளே, வயிற்று மட்டத்தில் குத்துங்கள். ஏப்ரனிலேயே விட்டுப்போனால் அறையின் கதிரும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். பேட்ஜே தரவில்லையா? கேட்டு வாங்குங்கள். இலங்கை அணுசக்திச் சபை அந்தச் சேவையைச் செய்கிறது.

இதுவரை பிடித்ததை நினைத்து இரவில் தூக்கம் கெட வேண்டாம். கருவுக்கு ஊனம் வரக்கூடிய அளவு ஏறக்குறைய 100 மில்லிகிரேக்கு மேல் (எக்ஸ்ரேயில் 1 மில்லிகிரேயும் 1 மில்லிசீவெர்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்). ஏப்ரனோடு பிடித்திருந்தால் அதன் பக்கத்தில்கூட வந்திருக்காது. பேட்ஜ் அறிக்கைகளின் பிரதி ஒன்றை வாங்கி, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். மாமியையும் கூட்டிப்போங்கள்.