பத்தியம் வேண்டாம், பக்குவம் போதும்: கேரியர்க்கார அக்காவின் பதில்கள்

திருச்சியில் 22 வருடமாக மதியச் சாப்பாட்டுக் கேரியர் கட்டிக் கொடுக்கிறேன். சர்க்கரை, பிரஷர், அல்சர், பல் இல்லாதவர், காய் என்றாலே முகம் சுளிக்கும் காலேஜ் பையன், எல்லோருக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல். “தினமும் சத்தாகவும் இருக்க வேண்டும், ஆசையாகவும் சாப்பிட வேண்டும், எப்படி?” என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் டயட்டீஷியன் இல்லை. மாத்திரை, ரத்தப் பரிசோதனை சமாசாரமெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான்.

அக்கா, கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வீட்டையே மாற்றினேன். காலையில் ஓட்ஸ், மதியம் தினை, இரவு கோதுமை ரவை. மூன்றாம் நாளே போனில் பிரியாணி வரவழைத்துவிட்டார். என்ன செய்ய? (தாம்பரம்)

உங்கள் வீட்டில் பிரியாணி. எங்கள் வீட்டில் பரோட்டா. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்த புதிதில் நானும் தேங்காய் இல்லாமல், தாளிப்பு இல்லாமல், ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி வைத்துக் கொடுத்தேன். மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். பத்தாம் நாள் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தால் பரோட்டா மடித்த வாழை இலை! தப்பு அவர் மேல் இல்லை. ஒரே நாளில் அவருடைய சாப்பாட்டைப் பிடுங்கிவிட்டு மருந்தை வைத்தது நான்தான்.

அதற்கப்புறம் பதார்த்தங்களை மாற்றவில்லை, கரண்டியை மட்டும் மாற்றினேன். சோறு எடுத்த பெரிய கரண்டி பொரியலுக்கு, பொரியல் எடுத்த சின்னக் கரண்டி சோற்றுக்கு. சாம்பார் அதே சாம்பார், ஆனால் தண்ணீரைவிடக் ‘தான்’ (காய்த் துண்டுகள்) அதிகம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் தட்டில் பாதி காய், கீரை, பழம் என்றுதான் இருக்கிறது. உருளைக்கிழங்கையும் சேனையையும் அந்தப் பாதியில் சேர்த்து ஏமாற்றக் கூடாது, அவை சோற்றுப் பக்கம்.

இன்னொன்று. தினை, சாமை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவையும் மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் அரிசியில் ஒரு கப் சாப்பிட்டவர் சாமையில் இரண்டு கப் சாப்பிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும்? வாரத்தில் இரண்டு வேளை அவருக்குப் பிடித்த வடிவத்தில் கொடுங்கள். தினையில் வெண்பொங்கல், மிளகு சீரகம் பொரித்து, கொத்சு வைத்து. மற்ற நாட்களில் அளவான சோறு.

கீரை கடைந்தால் கறுத்துப் போகிறது. பிள்ளைகள் “பாசி” என்கிறார்கள். (விருதுநகர்)

பிள்ளைகள் சரியாகத்தான் சொல்கிறார்கள். கீரை நிறம் மாறுவதற்கு முக்கியக் காரணம் புளிப்பு. கீரைக்குள்ளேயே கொஞ்சம் அமிலம் இருக்கிறது. வேகும்போது அது ஆவியோடு வெளியே போக வேண்டும். மூடி போட்டால் அதே தண்ணீரில் திரும்ப விழுந்து பச்சையைப் பழுப்பாக்கிவிடும். அதனால் மூடாமல் வேக வைப்பது, புளியோ தக்காளியோ கடைசியில் சேர்ப்பது, இந்த இரண்டும் போதும்.

அரைக்கீரையோ சிறுகீரையோ ஒரு கட்டு. நாலு முறை அலசி, அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போகும். கால் டம்ளர் தண்ணீர் கொதித்ததும் கீரை, நாலு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய். ஏழெட்டு நிமிடம்தான். இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் ஓட்டினால் பசை மாதிரி ஆகிவிடும், அப்புறம் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய வடகம். வடக வாசனைக்கே தட்டோடு வந்து நிற்பார்கள்.

முருங்கைக்கீரை உருவ நேரமில்லை என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். இரவே கொத்தோடு ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வதக்கி முடித்ததும் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவுங்கள், கசப்பு தெரியாது.

ஆறு வயது மகள். காயைப் பொறுக்கி ஓரமாக வைக்கிறாள். (சேலம்)

காயை ஒளித்து வைத்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேரட்டை அரைத்து தோசையில் கலந்தால் தோசை உள்ளே போகும், ஆனால் பிள்ளைக்குக் கேரட் பழகாது. அவளையே அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். பட்டாணி உரிக்க, அவரைக்காய் நார் எடுக்க, கொத்தமல்லி கிள்ள ஆறு வயதுக் கை தாராளமாகப் போதும். தான் உரித்த பட்டாணியைப் பிள்ளை விடாது.

அப்புறம், காய் மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பீன்ஸைக் குழைத்து அடிக்கிறார்கள். காயை ஒரே அளவாகப் பொடியாக நறுக்குங்கள். தாளிப்பில் காயைப் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து நாலைந்து நிமிடம் மூடி வைத்து, திறந்து, தீயைக் கூட்டி ஈரத்தை வற்ற விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த் துருவல். தேங்காயை முதலிலேயே போட்டு வதக்கினால் அந்தத் தித்திப்பு போய்விடும்.

அக்கா, பெங்களூரில் தனியாக இருக்கிறேன். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு 3 லிட்டர் குக்கர். எட்டு மணிக்குத்தான் அறைக்கு வருவேன். (கோவைப் பையன்)

தம்பி, கோயம்புத்தூர்க்காரனுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதமே போதும். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி இருபது நிமிடம் ஊறப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வா. குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் சாம்பார் பொடி. சின்ன வெங்காயம் உரிக்கச் சோம்பலாக இருந்தால் பெரிய வெங்காயம் போடு, யாரும் வழக்குப் போட மாட்டார்கள். இதில் உன் அம்மா சேர்க்காததை நீ சேர்: ஒன்றரை டம்ளர் நறுக்கிய காய். அவரை, கேரட், கத்தரி, சுரைக்காய், எது இருந்தாலும். இரண்டரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில். பிரஷர் தானாக இறங்கட்டும். மேலே ஒரு ஸ்பூன் நெய், பக்கத்தில் தயிர்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஒரு பொடி அரைத்து வை. கறிவேப்பிலைப் பொடியோ எள்ளுப் பொடியோ. களைத்து வரும் நாளில் சூடான சோறு, பொடி, நல்லெண்ணெய், இரண்டு அவித்த முட்டை, ஒரு வெள்ளரிக்காய். அதுவும் நல்ல சாப்பாடுதான். குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம்.

சாமைச் சாதம் டிபன் பாக்ஸில் கல்லாகிவிடுகிறது. (ஈரோடு)

சிறுதானியம் சூட்டில் பூ, ஆறினால் கல். அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் கொதித்ததும் போட்டு, சிறுதீயில் மூடி வேகவிட்டு, அணைத்தபின் பத்து நிமிடம் திறக்காமல் வையுங்கள். சுடச்சுடச் சாப்பிட அது உதிரியாக இருக்கும். டிபன் பாக்ஸுக்கு என்றால் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துக் குழைய விட்டு, காய்ச்சி ஆறிய பாலும் கொஞ்சம் தயிரும் கலந்து தயிர்ச்சாதமாகக் கட்டுங்கள். மாதுளை முத்து, இஞ்சி, பெருங்காயத் தாளிப்பு. மதியம் வரை மெத்தென்று இருக்கும். எலுமிச்சைச் சாமை, புளிச்சாமை எல்லாம் வீட்டில் சாப்பிடும் நாளுக்கு.

பிரஷர் இருக்கிறது. உப்பைக் குறைத்தால் வாயில் வைக்க முடியவில்லை. இந்துப்புக்கு மாறிவிடவா? (புதுச்சேரி)

இந்துப்பும் உப்புதான் ஐயா. மலையில் வெட்டினாலும் கடலில் எடுத்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆகாது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

என் கேரியரில் செய்வதைச் சொல்கிறேன். சோறு வடிக்க உப்பு கிடையாது. தயிருக்கும் கிடையாது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, இந்த நாலும் பிரஷர்காரர் கேரியர்களில் ஏறாது. பொரியலுக்கு உப்பை முதலில் போடாமல் கடைசியில் குறைவாகத் தூவுவேன். காயின் மேலே நிற்பதால் நாக்கில் உடனே தெரியும். அப்புறம் புளிப்பும் வாசனையும்: இறக்கியபின் எலுமிச்சை, வறுத்துப் பொடித்த சீரகம், இடித்த மிளகு, மாங்காய்க் காலத்தில் இரண்டு கீற்று மாங்காய். ரசத்தில் மிளகும் பூண்டும் தூக்கலாக இருந்தால் உப்பு குறைந்ததே தெரியாது. ஒரேயடியாகக் குறைக்காமல் வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அப்புறம் ஓட்டல் சாம்பார்தான் உங்களுக்கு உப்புக்கரிக்கும்.

எண்ணெயே இல்லாமல் சமைப்பது நல்லதா?

வேண்டாம். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரவே கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெயைக் கேனிலிருந்து நேராகச் சட்டியில் சாய்க்காதீர்கள், ஸ்பூனால் அளந்து விடுங்கள். அந்த ஒரு பழக்கமே பாதி வேலை செய்துவிடும். பொரித்த எண்ணெயைச் சேர்த்துவைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதுதான் எனக்குக் கோபம் வரும் விஷயம்.

பாகற்காய்?

மெல்லிசாக வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து, புளித்தண்ணீரில் வேகவிடுங்கள். ஒரு துண்டு வெல்லம். சர்க்கரைக்காரர் வீட்டில் வெல்லம் வேண்டாம், வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கிச் சேர்த்தால் அந்தத் தித்திப்பே போதும். கசப்பு முழுக்கப் போகாது. போகவும் கூடாது.

மகளுக்கு ரத்தசோகை. தினமும் கீரை கொடுத்தும் ஏறவில்லை. (மன்னார்குடி)

முதலில் டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள். கீரை அதற்கு மாற்று இல்லை. சாப்பாட்டு நேரத்தை ஒட்டி டீ, காபி குடிக்கிறாளா? அதிலுள்ள துவர்ப்பு, இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். கீரையோடும் பயறோடும் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ளது ஏதாவது சேருங்கள், இரும்பு நன்றாக ஏறும். எங்களிடம் கேரியர் வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடிதான் ரொம்பப் பிடிக்கும்: இரண்டு நெல்லிக்காய், ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய், பச்சையாக அரைத்துத் தயிரில் கலக்க வேண்டியதுதான். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல், மிளகு தூக்கலாக.

ஆலிவ் எண்ணெய், கினோவா எல்லாம் வாங்க வேண்டுமா?

காசு இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கடலை எண்ணெயும் கேழ்வரகும் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசி பக்கத்திலேயே வர முடியாது.

மாமியாருக்கு 78 வயது. பல் இல்லை, பசியும் இல்லை. கஞ்சி கொடுத்தால் “நான் என்ன நோயாளியா” என்கிறார். (தஞ்சாவூர்)

நியாயமான கேள்விதான் அவர் கேட்பது. எல்லோருக்கும் செய்த சாப்பாட்டையே மென்மையாக்கிக் கொடுங்கள். புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் மூன்றும் பாசிப்பருப்போடு பொரித்த கூட்டாக வைத்தால் மெல்லவே வேண்டாம். பீர்க்கங்காய்த் தோலை எறியாமல் வதக்கித் துவையல் அரைத்து, நெய் விட்டுச் சோற்றில் பிசைந்து இரண்டு உருண்டை. வயதானவர்களுக்கு நாக்கில் சுவை மங்கியிருக்கும். சப்பென்று கொடுத்தால் பசி இன்னும் ஓடிவிடும். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்து சின்ன வேளை. அப்புறம், முடிந்தால் தனியாகச் சாப்பிட விடாதீர்கள்.

சாயங்காலம் நாலு மணிப் பசிக்குத்தான் பஜ்ஜிக் கடை கூப்பிடுகிறது. (மதுரை)

அந்தப் பசியோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது, கையில் ஏதாவது தயாராக இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் காராமணி ஊறப் போடுங்கள். காராமணி மாலைக்குள் தயார். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரம் வேண்டும், அதனால் முந்தின இரவே நல்லது. வேகும்போது புளிப்பு எதையும் சேர்க்காதீர்கள், தோல் இறுகிவிடும். வெந்தபின் தாளித்து, தேங்காய், துருவிய மாங்காய் அல்லது எலுமிச்சை. ஒரே சுண்டல் சலித்தால் பச்சைப் பயற்றை முளை கட்டுங்கள். அல்லது ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரி, கேரட் சேர்த்துக் கோசுமல்லி. உப்பை மட்டும் பரிமாறும் நேரத்தில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

பஜ்ஜியா? மாதம் ஒருமுறை, மழை பெய்யும் நாளில், வீட்டில் புது எண்ணெயில் போடுங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும் அன்றைக்கு இரண்டு உண்டு. மூன்றாவதை அவர் எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.