வாசகர் கேள்வி பதில்: தொட்டி மீனும் 96 மணித்தியாலமும்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தமையால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதிலளிக்கிறேன்.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் கற்கிறேன். தரை துடைக்கும் திரவம் நன்னீர் மீனுக்கு எவ்வளவு நஞ்சு என்பதைப் பாடசாலைச் செயற்றிட்டமாகச் செய்ய விரும்புகிறேன். ஐந்து போத்தல்களில் கப்பி மீன்களை விட்டு, வெவ்வேறு அளவில் திரவத்தைச் சேர்த்து, எது எப்போது இறக்கிறது என்று பார்த்தால் போதுமா? (மாணவி, வெள்ளவத்தை)

பதில்: போதாது. அத்துடன், மீன்களை வைத்து இதனை வீட்டிலோ வகுப்பறையிலோ செய்ய வேண்டாம் என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் எண்ணத்தில் பிழையில்லை. ஆய்வுகூடங்களும் ஏறத்தாழ நீங்கள் எண்ணிய வழியிலேயே இதனை அறிகின்றன. வேறுபாடு முழுவதும் அங்கே எடுக்கப்படும் கவனத்தில்தான் இருக்கிறது.

இச்சோதனைக்குப் பல நாடுகள் பின்பற்றுவது, பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு வெளியிட்ட 203ஆம் இலக்க வழிகாட்டியாகும். 1981இல் முதன்முதலாக வந்து, 1992இலும் 2019இலும் திருத்தப்பட்ட அந்த வழிகாட்டியின்படி, மீன்கள் 96 மணித்தியாலம், அதாவது நான்கு நாட்கள், இரசாயனம் கலந்த நீரில் வைக்கப்படுகின்றன. குறைந்தது ஐந்து செறிவுகள் வேண்டும். ஒவ்வொரு செறிவும் அதற்கு முந்தியதன் 2.2 மடங்கை மிஞ்சாமல் ஏறிச்செல்ல வேண்டும். எந்தச் செறிவிலும் ஏழு மீன்களுக்குக் குறையக்கூடாது. இவற்றின் பக்கத்திலேயே, இரசாயனம் எதுவும் சேராத நீரில் இன்னும் ஏழு மீன்கள் இருக்கும். ஆக, ஒரு சோதனைக்குக் குறைந்தது 42 மீன்கள்.

அந்த ஆறாவது தொட்டியைத்தான் உங்கள் திட்டத்தில் விட்டுவிட்டீர்கள். அதற்குக் கட்டுப்பாட்டுத் தொட்டி என்று பெயர். அதில் இறப்பு 10 வீதத்தைத் தாண்டினால், அல்லது பத்துக்குக் குறைந்த மீன்கள் இருக்கையில் ஒன்றுக்கு மேல் இறந்தால், முழுச் சோதனையும் செல்லாது. பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளராக இருந்தபோது, ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், நஞ்சு சேர்த்த தொட்டிகளிலும் சேர்க்காத தொட்டியிலும் மீன்கள் ஒரே மாதிரி வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தன. முந்தின நாள் மாலை தொட்டிகளை நிரப்பியவர், குளோரீன் நீங்காத குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டிருந்தார். குளோரீன் மிகச் சிறிய அளவிலேயே செவுளைப் புண்ணாக்கிவிடும். அந்த 42 மீன்களும் எங்களுக்கு எதையும் சொல்லாமலே செத்துப்போயின. கட்டுப்பாட்டுத் தொட்டி மட்டும் இல்லாதிருந்தால், நாங்கள் அந்த இரசாயனத்தைக் கொடிய நஞ்சு என்று எழுதி அனுப்பியிருப்போம்.

ஆகவேதான் முன்னேற்பாடுகள் அவ்வளவு நீளமானவை. வந்திறங்கிய மீன்களை அன்றே சோதனைக்கு எடுப்பதில்லை. ஒரு வாரத்துக்கு மேலாகச் சோதனை நீருக்கும் அதன் வெப்பநிலைக்கும் பழக்குவார்கள். பழக்கும் ஏழு நாட்களுக்குள் 10 வீதத்துக்கு மேல் இறந்தால், அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள். சோதனைக்கு 24 மணித்தியாலம் முன்பே உணவு நிறுத்தப்படும், சோதனை முடியும்வரை கொடுக்கப்படுவதும் இல்லை; மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா தானே ஒரு நஞ்சு என்பதால் இந்த ஏற்பாடு. நீரில் கரைந்த ஒட்சிசன், நீர் கொள்ளக்கூடிய அளவில் 60 வீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. சில இரசாயனங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், சில ஆவியாகிவிடும். ஊற்றிய அளவே நான்காம் நாளும் நீரில் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. எனவே செறிவை அளந்து பார்க்கிறார்கள்; தேவைப்பட்டால் 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரைப் புதுப்பிக்கிறார்கள்.

மீன் இறந்துவிட்டதா என்பதைத் தீர்மானிப்பதும் நீங்கள் நினைப்பதுபோல் எளிதன்று. பக்கவாட்டில் சாய்ந்து அசையாமல் கிடக்கும் மீனின் செவுள்மூடி அப்போதும் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருக்கலாம். செவுள் அசைவு நின்றிருக்க வேண்டும். வாலின் அடிப்பகுதியை ஒரு கண்ணாடிக் கோலால் மென்மையாகத் தொட்டால் எந்தத் துலங்கலும் இருக்கக்கூடாது. அப்போதுதான் அதனை இறந்த மீன் என்று எழுதலாம். உயிரோடு இருப்பவை மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா, சமநிலை இழந்து சுழல்கின்றனவா, நிறம் மாறியிருக்கின்றனவா என்பவற்றையும் குறிக்க வேண்டும். என் கருத்தில், இந்தக் குறிப்புகள் இறப்பு எண்ணிக்கையைவிடப் பல வேளைகளில் அதிகம் சொல்கின்றன.

இறுதியில் கிடைப்பது, நான்கு நாட்களில் பாதி மீன்களைக் கொல்லும் செறிவு. அதனைச் சுருக்கமாக எல்சி 50 என்பர். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். லீற்றருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என ஐந்து தொட்டிகள். முதல் இரண்டிலும் எதுவும் இறக்கவில்லை, 4இல் ஏழுக்கு இரண்டு, 8இல் ஏழுக்கு ஐந்து, 16இல் ஏழும் இறந்தன. பாதி என்பது 4க்கும் 8க்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் செறிவுகள் மடங்காக ஏறுவதால் நடுவையும் மடங்குக் கணக்கிலேயே பார்க்க வேண்டும்; விடை 6 அன்று, ஏறத்தாழ 5.7.

உங்கள் செயற்றிட்டத்துக்கு மீனுக்குப் பதிலாகப் பயறு விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான விதைகளை ஈரத்தாளில் பரப்பி, மடங்காக ஏறும் ஐந்து செறிவுகளில் திரவத்தையும், ஆறாவது தட்டில் வெறும் தண்ணீரையும் விட்டு, நான்கு நாட்களில் வேரின் நீளத்தை அளவுகோலால் அளந்தால், வேரின் வளர்ச்சியைப் பாதியாக்கும் செறிவு கிடைக்கும். தட்டுகளைக் குறைந்தது மும்முறை மீளச் செய்யுங்கள். மேலே சொன்ன நியாயங்கள் அத்தனையையும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: புறக்கோட்டையில் துப்புரவுப் பொருட்கள் விற்கிறேன். இறக்குமதியான ஒரு திரவத்தின் பாதுகாப்புத் தாளில் "மீன், எல்சி 50, 96 மணி, 0.8 மி.கி./லீ." என்றுள்ளது. எண் சிறியதாக இருப்பதால் பாதுகாப்பானது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லலாமா? (வணிகர், கொழும்பு 11)

பதில்: தயவுசெய்து சொல்ல வேண்டாம், பொருள் நேரெதிரானது. எண் எவ்வளவு சிறியதோ நஞ்சு அவ்வளவு கடியது. வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் 1000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள்: அதில் 0.8 கிராம், அதாவது ஒரு சிட்டிகை அளவு, கலந்தாலே உள்ளிருக்கும் மீன்களில் பாதி நான்கு நாட்களில் இறந்துவிடும் என்பதே அந்த வரியின் பொருள். இரசாயனங்களை வகைப்படுத்தும் உலகளாவிய முறையில், இந்த எண் லீற்றருக்கு 1 மில்லிகிராமும் அதற்குக் கீழும் முதலாம் வகை, 10 வரை இரண்டாம் வகை, 100 வரை மூன்றாம் வகை. முதலாம் வகைக்கு, பட்ட மரமும் செத்த மீனும் வரைந்த சின்னம் போத்தலில் இருக்க வேண்டும். கிருமிநாசினிகளில் பரவலாகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைட்டு இவ்வகையைச் சேர்ந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எண் எந்த மீனில், எந்த நீரில் பெறப்பட்டது என்பதையும் தாளில் பாருங்கள். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளையர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனே இச்சோதனைகளில் அதிகம் பயன்படுவனவற்றில் ஒன்று. 203ஆம் வழிகாட்டியின் 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு 13 முதல் 17 பாகை செல்சியஸ் நீரைக் குறிப்பிட்டது. கொழும்புக் கால்வாய் நீரோ பெரும்பாலும் 30 பாகையை அண்டியது. செம்பு போன்ற உலோகங்களின் நஞ்சு வன்னீரில் குறைந்தும் மென்னீரில் கூடியும் இருக்கும். ஆகவே அந்த எண், பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான அளவுகோல். இந்த அளவுவரை ஊற்றலாம் என்ற அனுமதி அன்று. பாதி மீன்கள் செத்துப்போகும் அளவை எவரும் பாதுகாப்பான அளவாகக் கொள்ள முடியாது.

கேள்வி: ஓர் எண்ணுக்காக இத்தனை மீன்களைக் கொல்வது நியாயமா? வேறு வழியே இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, வத்தளை)

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, கண்ணாடிக் கோலைக் கையில் பிடித்தவர்களுக்கு அது எளிதில் போகாது. வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2013இல் ஏற்கப்பட்ட 236ஆம் வழிகாட்டி, வளர்ந்த மீனுக்குப் பதிலாகப் புதிதாகக் கருக்கட்டிய சீப்ரா மீன் முட்டைகளை 96 மணித்தியாலம் சோதிக்கிறது. அம்முட்டை கண்ணாடிபோல் தெளிவானது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டிய அந்த உருண்டைக்குள் வால் பிரிந்து வருவதையும், இரண்டாம் நாளில் இதயம் துடிப்பதையும் காணலாம். முட்டை உறைந்து வெண்மையாதல், உடற்கண்டங்கள் தோன்றாமை, வால் பிரியாமை, இதயத்துடிப்பு இல்லாமை என்னும் நான்கில் ஒன்று தென்பட்டாலும் அது இறந்ததாகக் கொள்ளப்படும். 2021இல் வந்த 249ஆம் வழிகாட்டி இன்னும் ஒரு படி தாண்டி, ட்ரவுட் செவுளிலிருந்து வளர்த்தெடுத்த கலங்களை மட்டும் கொண்டு 24 மணித்தியாலத்தில் விடை தருகிறது.

மீனே வேண்டும் என்ற இடத்திலும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பாசியும் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளும் பல இரசாயனங்களுக்கு மீனைவிட முந்திப் பாதிக்கப்படுகின்றன. அவற்றைப் பாதித்த செறிவை மட்டும் ஒரே தொட்டியில் மீனுக்குக் கொடுத்துப் பார்த்து, எதுவும் இறக்காவிட்டால் அத்துடன் நிறுத்திவிடலாம். இதனைச் செய்யாமல் நேரடியாக ஐந்து தொட்டிகளை நிரப்புவது, என்னைக் கேட்டால், மன்னிக்கத்தக்கதன்று.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கால்வாயில் ஒரு நாள் விடியற்காலையில் திலாப்பியா மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. யாரோ இரசாயனத்தைத் திறந்துவிட்டார்கள் என்று அயலவர் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரில் மீன்களை விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடாதா? (வாசகர், கிராண்ட்பாஸ்)

பதில்: அயலவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விடியற்காலை என்று நீங்கள் எழுதியிருப்பது என்னை நிதானிக்க வைக்கிறது. கழிவு கலந்து பச்சையாய்த் தடித்த நீரில் பாசிகள் பகலில் ஒட்சிசனை வெளியிடும். இரவில் அவையும் நீரிலிருந்தே ஒட்சிசனை உறிஞ்சும். எனவே ஒட்சிசன் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னர்தான். வறண்ட நாட்களின் பின் திடீரெனப் பெய்யும் மழை அடிச்சேற்றைக் கலக்கிவிட்டாலும் இதே நிலை வரும். ஒட்சிசன் குறையும்போது பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் இறக்கும். நஞ்சு கலந்தால் சிறியனவும் குஞ்சுகளும் முந்திக்கொள்ளும். அன்று மிதந்தவை எந்த அளவினவை என்று நினைவிருக்கிறதா?

அந்த நீரில் மீனை விட்டுப் பார்ப்பது பயனுள்ள சோதனைதான், ஆனால் ஆய்வுகூடத்தில், முறையாகச் செய்தால் மட்டும். மாதிரி நீரில் காற்றைச் செலுத்தி ஒட்சிசனை நிறைவாக வைத்துக்கொண்டு மீன்களை விடுவார்கள். அவை பிழைத்துக்கொண்டால் ஒட்சிசன் குறைவே காரணம் என்ற ஐயம் வலுக்கும். அப்படியும் இறந்தால் நீரில் வேறு ஏதோ இருக்கிறது. இங்கும் ஒரு சிக்கல் உண்டு: காற்றைச் செலுத்தும்போதே சில நச்சுப் பொருட்கள் ஆவியாகிவிடும், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானமும் மாறும். அமோனியாவின் நஞ்சு அந்தப் பீஎச் பெறுமானத்தைப் பெரிதும் பொறுத்தது. 25 பாகை நீரில் பீஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால், மீனைக் கொல்லும் வடிவிலுள்ள அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

அன்றைய நீர் இந்நேரம் களனி வாய்வழியே கடலுக்குப் போயிருக்கும். மறுபடி நடந்தால், உடனே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையுறை அணிந்து, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நீரை நிரப்பி இறுக மூடுங்கள். அப்போதுதான் இறந்த, செவுள் இன்னும் சிவந்திருக்கும் மீன் இரண்டைப் பொலித்தீன் பையிலிட்டு, நீரையும் மீனையும் பனிக்கட்டியில் வையுங்கள். உறைய வைக்க வேண்டாம். கால்வாயின் மேற்பக்கத்தில், மீன் சாகாத இடத்திலிருந்தும் ஒரு போத்தல் நீர் எடுங்கள், ஏனென்றால் உங்களுக்கான கட்டுப்பாட்டுத் தொட்டி அதுதான். பிறகு பத்தரமுல்லையிலுள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு அறிவித்து, மட்டக்குளி காக்கைத்தீவிலுள்ள, நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்திடமும் கேளுங்கள். எந்தத் தொழிற்சாலையின் பெயரையும் முறைப்பாட்டில் எழுத வேண்டாம். கண்டதை, கண்ட நேரத்தோடும் இடத்தோடும் எழுதுங்கள்.