மலை இன்ஜினை 66 வயதில் தொடங்கலாமா?

வணக்கம் ஐயா.

நீங்கள் வீட்டிலேயே சிறு நீராவி இன்ஜின் செய்தது பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதம் எழுதத் துணிந்தேன். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில், ஸ்டோர்ஸ் பிரிவில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 66. ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின்கள் பழுதுபார்க்க வந்தபோதும், பிறகு பொன்மலையிலேயே புதிதாகக் கட்டப்பட்டபோதும் அவற்றின் பாகங்களுக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். பாகங்களின் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் ஓர் அரத்தைக்கூடக் கையில் பிடித்ததில்லை.

அந்த இன்ஜினை எட்டில் ஒரு பங்கு அளவில், நிலக்கரி போட்டால் ஓடும்படி செய்ய வேண்டும் என்று ஆசை. உலோகத்தைக் கடையும் பழைய லேத் ஒன்று வாங்கிவிட்டேன். கொல்லைப்புற மாட்டுக் கொட்டகையை மனைவி ஒழித்துக் கொடுத்துவிட்டார். மகன், "முதலில் சின்னதாக ஒன்று செய்து பாருங்கள் அப்பா. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்" என்கிறான். சின்னதற்கே மூன்று ஆண்டு போய்விட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? நேராகப் பெரியதைத் தொடங்கலாமா?

கே., பொன்மலை

அன்புள்ள கே. அவர்களுக்கு,

தொடங்குங்கள். மலை இன்ஜினையே தொடங்குங்கள்.

உங்கள் மகன் சொல்வதை நான் தள்ளவில்லை. இந்தக் கலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை அது. பிரிட்டனில் 1898இல் 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகை தொடங்கிய காலத்திலிருந்து புதியவர்களுக்கென்றே எளிய இன்ஜின்கள் வந்துகொண்டிருக்கின்றன. எல்.பி.எஸ்.சி. என்ற பெயரில் அதில் எழுதிவந்தவர், நான்கே சக்கரம் கொண்ட 'டிச்' என்ற குட்டி ரயில் இன்ஜினுக்கு வழிகாட்டியது அப்படித்தான். நானும் 59 வயதில் ஸ்டூவர்ட் 10வி என்ற, சிலிண்டர் செங்குத்தாக நிற்கும் சிறு இன்ஜினில்தான் தொடங்கினேன். சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்குவதும் முக்கால் அங்குலம். அதை முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்த இன்ஜின் மேல் எனக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. அதனால்தான் அது முடிந்தது.

கோவையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். வார்ப்பட ஆலைகளுக்கு மரத்தில் மாதிரி செதுக்கிக் கொடுத்தவர். கை அவ்வளவு சுத்தம். சிறுவயதில் தான் பார்த்து மயங்கிய மீட்டர் கேஜ் ஒய்.பி. இன்ஜினைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. கை பழகட்டும், கை பழகட்டும் என்று பதினோரு ஆண்டுகளில் நான்கு சின்ன இன்ஜின்கள் செய்தார். நான்கும் அழகாக ஓடின. ஒய்.பி.யின் வரைபடங்கள் சுருட்டியபடியே அலமாரி மேல் இருந்தன. அவர் போன பிறகு மகள் அந்தச் சுருளையும், கொதிகலனுக்காக அவர் வாங்கி வைத்திருந்த 3 மில்லிமீட்டர் செப்புத் தகட்டையும் என்னிடம் கொடுத்தார். தகட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். வெட்டவில்லை.

அதனால் இந்த விஷயத்தில் என்னால் நடுநிலையாகப் பேச முடியாது.

உங்கள் நல்ல காலம், நீங்கள் ஆசைப்பட்ட இன்ஜினுக்குள்ளேயே ஒரு சின்ன இன்ஜின் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை எக்ஸ் வகை இன்ஜின் சாதாரண இன்ஜினாகத்தான் ஓடுகிறது. பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றன் மேல் ஒன்று. கீழே இருப்பவை மட்டும் நீராவி வாங்கிச் சக்கரங்களைச் சுழற்றும். மேலே இருப்பவற்றின் தண்டுகள் அசையாமல் நிற்கும். கல்லாறு தாண்டி, பாதை நடுவே பல்சக்கரம் கவ்வி ஏறும் பல் தண்டவாளம் தொடங்கியதும்தான் கீழ் சிலிண்டர்கள் கழித்த நீராவி மேலே போய், பல்சக்கரங்களைச் சுழற்றும் இரண்டாவது இன்ஜினை எழுப்புகிறது. மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளைவிட வேகமாகச் சுற்றும். பன்னிரண்டடி போவதற்குள் ஓரடி ஏறும் சரிவில், மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில், பெட்டிகளைக் கீழிருந்து முட்டித் தள்ளிக்கொண்டே அது குன்னூர் ஏறுகிறது. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துப் பொறியாளர்கள் நூறாண்டுகளுக்கு முன் யோசித்த ஏற்பாடு. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆகவே முதல் கட்டத்தில் கீழ் சிலிண்டர்களோடு மட்டும் இன்ஜினை முடியுங்கள். அதுவே ஓடும், ஆளை இழுக்கும். மேல் சிலிண்டர்களையும் பல்சக்கரங்களையும் இரண்டாம் கட்டமாக வையுங்கள். ஒன்றே ஒன்று: இரண்டாம் கட்டத்துக்கு வேண்டிய துளைகளை எல்லாம் இப்போதே, இன்ஜினைத் தாங்கும் இரண்டு பக்கச் சட்டத் தகடுகளையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி, தட்டையாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். பூட்டிய பிறகு துளை போடப் போனால் இரண்டு பக்கமும் ஒத்துவராது. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், சிறுகத்தான் கட்டுகிறேன் என்று.

அளவு பற்றி. எட்டில் ஒன்று என்றால் ஊட்டிப் பாதையின் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள 1,000 மில்லிமீட்டர் இடைவெளி, 125 மில்லிமீட்டராகிறது. உலகெங்கும் புழங்கும் 5 அங்குலப் பாதை 127 மில்லிமீட்டர். அதையே வைத்துக்கொள்ளுங்கள், இந்த இரண்டு மில்லிமீட்டருக்காகச் சண்டை வேண்டாம். நீளம் எட்டில் ஒன்றானால் எடை 512இல் ஒன்றாகும். ஏறக்குறைய 50 டன் இன்ஜின் உங்கள் கொட்டகையில் 100 கிலோ அளவுக்கு நிற்கும். தனியாகத் தூக்க நினைக்காதீர்கள். மேசையைக் கட்டும்போதே சங்கிலிக் கப்பிக்கு ஓர் உத்தரம் பார்த்து வையுங்கள். எல்லாவற்றையும் எட்டில் ஒன்றாகச் சுருக்கவும் கூடாது. கொதிகலனின் புகைக் குழாய்களை அப்படிச் சுருக்கினால் துளை ஐந்தாறு மில்லிமீட்டர்தான் வரும், சாம்பல் அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கையைக் குறைத்து, குழாயைப் பெரிதாக்க வேண்டும்.

கொதிகலனை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்துவிடுங்கள். பலர் அதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். தோளில் வலு வேண்டிய வேலை அது. வால்வையும் குழாய் மூட்டுகளையும் நாற்காலியில் உட்கார்ந்து 75 வயதிலும் செய்யலாம், செப்புத் தகட்டின் விளிம்பை மடக்க முடியாது. தகட்டை மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து எடுத்தால் அது தோலைப்போல் இளகியிருக்கும். இரும்பு அச்சின் மேல் வைத்து விளிம்பைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தியலால் சாய்க்க வேண்டும். தொடக்கத்தில் 'தொப் தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். ஒலி மெல்ல மெல்ல ஏறி, பாத்திரத்தைத் தட்டியதுபோல் 'டண்' என்று கேட்கத் தொடங்கும். அந்த நொடியில் நிறுத்துங்கள், மறுபடி காய்ச்சுங்கள். ஒரு தகட்டுக்கு ஐந்தாறு முறை காய்ச்ச வேண்டியிருக்கும். நான் அந்த ஒலியைக் கேட்டும், இன்னும் நாலே அடிதானே என்று அடித்தேன். மூலையில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு ஓடியது. மூன்று வாரத்து வேலை போயிற்று. அந்தத் தகட்டை இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

செப்புத் தகடுகளை வெள்ளி கலந்த கம்பியை உருக்கி இணைக்கும் வெள்ளிப் பற்றவைப்புக்குத் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம். செம்பு சூட்டை ஓரிடத்தில் தங்க விடாது. நீங்கள் காட்டும் தீயை எல்லாம் உள்வாங்கிக் கடைசி மூலை வரைக்கும் பரப்பிவிடும். ஒருவர் கொதிகலன் முழுவதையும் சூடாக வைத்திருக்க, இன்னொருவர் இணைப்பில் தீயைக் காட்ட வேண்டும். சூடு சரியாக வந்தால் கம்பியின் நுனி தொட்ட இடத்திலிருந்து இணைப்பின் இடுக்கு முழுவதும் ஒரு வெள்ளி இழை ஓடிப் பரவும். ஓடாமல் உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை என்று பொருள். காட்மியம் கலந்த பழைய வகைக் கம்பி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அதன் புகை நஞ்சு. கொட்டகையின் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். முடிந்ததும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப் போடுங்கள். செப்புக் குடத்துக்குப் புளி போடுகிற அதே கணக்குதான்.

பிறகு சோதனை. உள்ளே துளிக் காற்றும் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றுங்கள். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 160. தண்ணீரை அழுத்தினால் அது அதிகம் சுருங்காது, அதனால் கொதிகலன் விட்டுக்கொடுத்தாலும் ஒழுகுவதோடு போகும். காற்றை அடைத்துச் சோதித்தால் வெடிக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள். நம் நாட்டுக் கொதிகலன் சட்டத்தின் வரையறைக்குள் 25 லிட்டருக்குக் குறைந்தவை வருவதில்லை. உங்களுடையது அதைவிட மிகச் சிறியது. அதிகாரி வந்து பார்க்கப் போவதில்லை என்பதால் நீங்களே அதிகாரியாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நிற்கப்போகும் இன்ஜின் அது.

கை பழகுவதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கையால் இயக்கும் தண்ணீர்ப் பம்பை முதலில் செய்யுங்கள். அது இன்ஜினின் பாகம், கொதிகலன் சோதனைக்கும் அதுவே உதவும். கடைவது, துளைப்பது, மரை போடுவது, அரத்தால் ராவுவது எல்லாம் அதில் வந்துவிடும். கெட்டுப்போனால் கையளவுப் பித்தளைதான் நஷ்டம்.

முடிப்பேனா என்பது உங்கள் கடிதத்தில் வரிகளுக்கு நடுவே இருந்த கேள்வி. நாளுக்கு மூன்று மணி நேரம் உழைத்தால் எட்டு ஆண்டுக்குக் குறையாது என்பது என் கணிப்பு. முடிக்காமலும் போகலாம். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து முடித்த இன்ஜின்கள் இந்த உலகில் நிறைய உண்டு. பாதியில் நின்ற வேலையில் எந்தப் பாகம் முடிந்தது, எது முடியவில்லை, எந்தத் துளை எதற்கு என்று தெரியாமல்தான் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போகின்றன. இந்த ஒரு வேலையில் என்னைவிட, என் கோவை நண்பரைவிட நீங்கள் தேர்ந்தவர். 31 ஆண்டுகள் செய்த அதே சீட்டை இந்த இன்ஜினுக்கும் எழுதுங்கள். பாகத்தின் பெயர், என்ன உலோகம், எந்தத் தேதி, என்ன அளவு, எங்கே தவறியது. ஒரு பாகத்துக்கு ஒரு சீட்டு.

லேத்தின் சென்டர் உயரம், அதாவது சுழலும் அச்சு அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சக்கரங்களை அதில் சுழற்ற முடியுமா என்று விற்றவரிடம் கேட்காமல் நீங்களே அளந்து பாருங்கள். அடுத்த மாதம் திருச்சி வருகிறேன். பென்சில் கோடு போட்ட அந்தச் செப்புத் தகட்டைக் கொண்டுவருகிறேன். நண்பரின் மகளிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். உங்கள் கொதிகலனின் உருளைக்கு அது போதும்.