கர்த்தருக்குள் மகிழ்ச்சி: வாசகர் கேள்வி – பதில்

‘உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தம் உண்டு’ என்ற சங்கீத வசனத்தை (16:11) ஒட்டி வாசகர்கள் கேட்டிருப்பவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்கிறார் அப்போஸ்தலன் பவுல். பொய் சொல்லாதே, களவு செய்யாதே என்றால் கீழ்ப்படியலாம். சந்தோஷப்படு என்று உத்தரவு போட்டால் சந்தோஷம் வந்துவிடுமா?

பதில்: வராது. உணர்ச்சிக்கு உத்தரவு போட யாராலும் முடியாது. பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் (பிலிப்பியர்) 4-ம் அதிகாரத்தை 4-ம் வசனத்தில் தொடங்காமல் 2-ம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களுக்குள் மனஸ்தாபம். இருவரும் சுவிசேஷ வேலையில் பவுலோடு பாடுபட்டவர்கள். அந்தப் பிணக்கைத் தீர்க்கச் சொன்ன கையோடுதான் ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று எழுதுகிறார். எழுதுகிறவரோ கட்டுண்ட கைதி. உடனிருந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு, சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்திருக்கிறார். அவர் இறந்திருந்தால் தமக்குத் ‘துக்கத்தின்மேல் துக்கம்’ உண்டாகியிருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் சொல்கிறார் (2:27). துக்கமே அறியாதவர் போட்ட கட்டளை இல்லை இது.

அப்படியானால் எதைச் செய்யச் சொல்கிறார்? அடுத்த வசனங்களிலேயே இருக்கிறது. கவலையை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபமாக்கித் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் (4:6). உண்மையுள்ளவை, நீதியுள்ளவை, கற்புள்ளவை எவைகளோ அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள் (4:8). இரண்டும் நம்மால் ஆகிற காரியம். மனம் எதன்மேல் நிற்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். அப்படி நின்றதால் உள்ளே என்ன எழும்பும் என்பது ஆவியானவரின் வேலை. கலாத்தியர் 5:22 சொல்லும் ஆவியின் கனியில் அன்புக்கு அடுத்து நிற்பது சந்தோஷம். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் ‘கற்றுக்கொண்டேன்’ என்று பவுலே சொல்வதால் (பிலிப்பியர் 4:11), இன்று தொடங்கினால் நாளைக்கே கைவரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

கேள்வி: அதிகாலையில் எழுந்து அட்டவணைப்படி வேதம் வாசிக்கிறேன். ஜெபத்தையும் விடுவதில்லை. உள்ளம் மட்டும் காய்ந்தே கிடக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: வேதத்தில் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரம் போயாக வேண்டும். அந்த வாசிப்பை விடாதீர்கள். முழு வேதத்தின் ஓட்டம் அதில்தான் பிடிபடும். ஆனால் அந்த வேகத்திலேயே தியானமும் நடந்துவிடும் என்று நினைப்பதில்தான் கோளாறு. அட்டவணையில் குறி போட்டதும் ஒரு வேலை முடிந்த திருப்தி வரும். அதையே தேவனிடத்தில் மகிழ்வது என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டுக்கும் தனித்தனி நேரம் வையுங்கள். காலையில் இடமில்லையென்றால் அட்டவணை வாசிப்பை மாலைக்குத் தள்ளிவிட்டு, காலையில் 25 நிமிடத்தைத் தியானத்துக்கென்று வையுங்கள்.

ஒரு வாரம் முழுக்க ஒரே சங்கீதம் போதும். தொடங்குவதற்கு 103-ம் சங்கீதத்தைப் பரிந்துரைக்கிறோம். அதிலுள்ள 22 வசனங்களில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. தாவீது எதையும் கேட்கவில்லை. தேவனைப் பார்த்துப் பார்த்துத் தன் ஆத்துமாவுக்கே சொல்லிக்கொள்கிறார். முதல் நாள் முழு சங்கீதத்தையும் வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். கண் வரிகளைத் தாவிவிடும், நாவு தாவாது. மறுநாளிலிருந்து இரண்டு மூன்று வசனம் மட்டும். வாசிக்க ஐந்து நிமிடம். பிறகு பத்து நிமிடம் எழுத்து: ஒரு வசனத்தைக் கையால் நோட்டில் எழுதி, அதன் கீழே ‘கர்த்தர் எப்படிப்பட்டவர் என்று இது சொல்கிறது?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ‘இன்று எனக்கு என்ன வாக்குத்தத்தம்?’ என்பது கடைசியில் வரட்டும். அதை முதலில் கேட்கப் பழகியவர்கள் வேதம் முழுவதிலும் தங்களையே தேடுகிறார்கள். தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு மகிழ எவ்வளவு கிடைத்துவிடும்?

14-ம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். ‘நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்.’ மேலோட்டமாக வாசித்தால் மனிதன் அற்பமானவன் என்று மட்டும் தோன்றும். முந்தின வசனத்தோடு சேர்த்துப் பாருங்கள்: தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல இரங்குகிறார் என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணமாகத்தான் இது வருகிறது. நம் பலவீனம் அவருக்கு அதிர்ச்சியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. நாம் மறந்துவிட்டு நம்மீதே எரிச்சல்படுகிற அந்த மண் தன்மையை அவர் நினைவில் வைத்து இரங்குகிறார். இதைக் கண்டுகொள்ளப் பத்து நிமிடம் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். கண்டதும் அதையே ‘நீர்’ என்று திருப்பி ஏழு நிமிடம் ஜெபியுங்கள்: ‘நீர் என் உருவத்தை அறிந்திருக்கிறீர், நேற்று நான் சோர்ந்துபோனது உமக்குப் புதிதல்ல.’ மீதி மூன்று நிமிடம் பேசாமல் அவருடைய சமுகத்தில் இருங்கள். அந்த வசனத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போய் மதியம் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை சொல்லுங்கள்.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. எழுந்ததும் கைபேசியைத் திறந்தால், தியானத்துக்கு உட்காரும் முன்பே மனதில் இருபது பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். 25 நிமிடமும் அவர்களை அடக்குவதிலேயே போய்விடும். இன்னொன்று, ‘சந்தோஷம் வந்ததா, வந்ததா’ என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது. விதையை நட்டுவிட்டு நாளுக்கு மூன்று முறை தோண்டிப் பார்க்கிற வேலை அது. பார்வை தேவனை விட்டு நம் உணர்ச்சிக்கு வந்த அந்த நொடியே சந்தோஷத்துக்கான காரணம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஸ்தோத்திரத்திலும் ‘எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்’ என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். நேற்று நடந்த மூன்று காரியங்களைக் குறிப்பாகச் சொல்லி, ஒவ்வொன்றும் அவருடைய எந்தக் குணத்தைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். நான்காம், ஐந்தாம் நாளில் சங்கீதம் பழகிப்போய்ச் சலிப்புத் தட்டும். பலர் அங்கேதான் வேறு பகுதிக்கு மாறிவிடுகிறார்கள். மாறாதீர்கள், மேலோட்டமாகத் தெரிந்ததெல்லாம் தீர்ந்த பிறகுதான் வசனம் உள்ளே இறங்கத் தொடங்கும்.

கேள்வி: ஆராதனையில் பாடும்போது மகிழ்ச்சி பொங்குகிறது. திங்கட்கிழமை ஒன்றுமே மிச்சமில்லை. அது போலியா?

பதில்: போலி என்று சொல்ல மாட்டோம். இசையும் சபையாரின் குரலும் உள்ளத்தை எழுப்பத்தான் தரப்பட்டிருக்கின்றன. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தேவனைப் பற்றிய எந்த ஒரு சத்தியம் என்னைத் தொட்டது என்று ஒரு வரி எழுத முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அந்த வரிதான் திங்கட்கிழமைக்கு உணவு. தொடர்ந்து பல வாரம் முடியவில்லையென்றால், நீங்கள் மகிழ்ந்தது பெரும்பாலும் ராகத்திலும் தாளத்திலும்தான். ஊழியம் செய்கிறவர்களும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிசாசுகள் கீழ்ப்படிகின்றன என்று சந்தோஷத்தோடே திரும்பி வந்த, தாம் ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேரிடம், அதற்காக அல்ல, உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு (லூக்கா 10:20). ஊழியத்தின் வெற்றி ஏறும், இறங்கும். எழுதப்பட்ட பெயர் அப்படியே இருக்கும்.

கேள்வி: நல்ல சாப்பாடு, இசை, நண்பர்களோடு பேச்சு இவற்றில் மகிழ்வது தேவனிடத்திலுள்ள மகிழ்ச்சியைக் குறைக்குமா?

பதில்: ‘நாம் அநுபவிக்கிறதற்கு’ சகலவித நன்மைகளையும் கொடுக்கிறவர் என்றே 1 தீமோத்தேயு 6:17 தேவனைச் சொல்கிறது, அதே வசனம் நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்கவும் வேண்டாம் என்கிறது. நன்றி சொல்லி அனுபவியுங்கள். நெகேமியா 8:10-ல் கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடிக்கச் சொன்ன கையோடே, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பவும் சொல்லியிருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: செய்த பாவத்தைப் பலமுறை அறிக்கையிட்டுவிட்டேன். ஆனாலும் பழைய சந்தோஷம் திரும்பவில்லை.

பதில்: ‘பலமுறை’ என்று எழுதியிருப்பதைக் கவனித்தோம். 1 யோவான் 1:9-ன்படி, அறிக்கையிட்ட பாவத்தை மன்னிப்பதில் தேவன் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார். கிறிஸ்து சுமந்து தீர்த்த பாவத்தை மறுபடி நம் கணக்கில் எழுதுவது அவருடைய நீதிக்கே பொருந்தாது. எனவே அதே பாவத்தை மீண்டும் மீண்டும் அறிக்கையிடுவதை நிறுத்திவிட்டு, அது நினைவுக்கு வரும்போதெல்லாம் ‘இதை மன்னித்தீர், உமக்கு ஸ்தோத்திரம்’ என்று சொல்லப் பழகுங்கள்.

அதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டீர்களா? ‘என் குறைகளை மன்னியும்’ என்கிற ஜெபத்தில் எதுவும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. அடக்கி வைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறார் தாவீது (சங்கீதம் 32:3). இன்னொன்று, ஒரு மனிதருக்குத் திருப்பித் தர வேண்டியது பாக்கியிருக்கிறதா? பணமோ, பொருளோ, கெடுத்துவிட்ட நற்பெயரோ இருக்கலாம். இயேசுவைச் சந்தோஷத்தோடே வீட்டுக்கு அழைத்துப்போன வரி வசூலிப்பவரான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தரவும் எழுந்து நின்றார். இந்த இரண்டும் நேராகியும் உள்ளம் குளிரவில்லையென்றால், தாவீதைப் போல அதையே கேளுங்கள்: ‘உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து…’ (சங்கீதம் 51:12). கேட்டுப் பெற வேண்டிய ஈவு அது, காத்திருக்கவும் வேண்டியிருக்கலாம்.

கேள்வி: கணவரை இழந்து நான்கு மாதமாகிறது. ‘விசுவாசிகள் அழக்கூடாது, துதியுங்கள்’ என்கிறார்கள். என்னால் முடியவில்லை. என் விசுவாசம் குறைவா, சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, குறைவில்லை. அழுங்கள். இறந்துபோன தம் நண்பர் லாசருவைச் சில நிமிடங்களில் உயிரோடே எழுப்பப் போகிறோம் என்று அறிந்தே கல்லறைக்குப் போன இயேசு, வழியில் கண்ணீர் விட்டார். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறது. ‘துக்கப்படுகிறவர்கள் எனப்பட்டாலும் எப்பொழுதும் சந்தோஷப்படுகிறவர்கள்’ என்று பவுல் தம்மைப் பற்றிச் சொன்னபோது (2 கொரிந்தியர் 6:10) இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. உங்களுக்கு இப்போது அந்தச் சந்தோஷம் ‘அவர் என்னைக் கைவிடவில்லை’ என்று மெல்லச் சொல்லிக்கொள்கிற அளவுக்குத்தான் இருக்கலாம். அதுவும் சந்தோஷம்தான்.

ஜெபிக்க வார்த்தை வராதபோது சங்கீதம் 13-ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. அடுத்த இரண்டில் உதவி கேட்கிறார். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன. ஒரு தாளில் உங்கள் சொந்த ‘எதுவரைக்கும்’களை எழுதுங்கள். இரவில் வீட்டுக்குள் நுழையும்போது இருக்கிற அமைதி, தனியாகக் கையெழுத்திட வேண்டிய படிவங்கள், எதுவானாலும். கடைசிப் பகுதிக்கு இன்று வர முடியாவிட்டால் நடுவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கீதம் 88 ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

உங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். ‘அழுகிறவர்களுடனே அழுங்கள்’ (ரோமர் 12:15) என்பதும் கட்டளைதான்.

கேள்வி: இரண்டு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. தூக்கமில்லை, சாப்பிடத் தோன்றவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வரிக்கு மேல் போகவில்லை. உபவாசத்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வோ, எதிலும் ஆர்வமின்மையோ நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் கவனமும் கெட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இதே போலச் சோர்வைத் தரும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் எழுப்பி, ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்று சாப்பிடச் சொன்னான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்?’ என்று கர்த்தர் கேட்டது ஓரேப் மலையில், நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான்.

ஆகவே இந்த நாட்களில் தியானத்தைச் சுருக்குங்கள். காலையும் மாலையும் ஒரே வசனம், சத்தமாக. சங்கீதம் 42-ம் 43-ம் சேர்ந்து மூன்று முறை சொல்வதே போதும்: ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு.’ ஜெபிக்க முடியாததை இன்னொரு விசுவாசி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும். சபையை மாற்றுவது, ஊழியத்தை விடுவது போன்ற பெரிய முடிவுகளைத் தெளிவு வரும்வரை தள்ளிவையுங்கள். மருத்துவர் மருந்து தந்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் பலன் தெரியவில்லை என்றோ, பிறகு நன்றாகிவிட்டது என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு மருத்துவர் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.