குடுவையின் கழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோதனையில் இயற்கைதான் பதில் சொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எதை அளப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் விஞ்ஞானிதானே முடிவு செய்கிறார்? அப்படியானால் பதிலும் அவர் செய்து வைத்ததுதானே?

கே.

அன்புள்ள கே.,

பாதி சரி. எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்பதைச் சோதனையின் அமைப்புதான் தீர்மானிக்கிறது. பதில் என்ன என்பது மட்டும் அவர் கையில் இல்லை.

அழுகும் இறைச்சியில் புழு தானாகவே உண்டாகிறது என்று நம்பிய காலம் உண்டு. 1668-ல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் சில குடுவைகளில் இறைச்சியைப் போட்டுத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். திறந்ததில் புழு வந்தது, மூடியதில் வரவில்லை. சரி, முடிந்ததா? இல்லை. மூடி ஈயையும் தடுத்தது, காற்றையும் தடுத்தது. இரண்டில் எது காரணம் என்று அந்தக் குடுவையால் சொல்லவே முடியாது. அதனால் ரெடி அடுத்து குடுவையின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டினார். காற்று உள்ளே போனது, ஈ போகவில்லை. இறைச்சியில் புழு இல்லை. வாடைக்கு வந்த ஈக்கள் துணியின் மேலேயே முட்டையிட்டன. ஒரு துண்டுத் துணி இரண்டு காரணங்களைப் பிரித்துவிட்டது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

அப்புறம் நுண்ணுயிர்களைப் பற்றி அதே வழக்கு மறுபடி எழுந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் குடுவையின் கழுத்தை அன்னத்தின் கழுத்துபோல வளைத்தார். காற்று உள்ளே வரும், தூசி வளைவிலேயே தங்கிவிடும். கொதிக்க வைத்த சாறு தெளிவாகவே இருந்தது. குடுவையைச் சாய்த்து, சாறு அந்தத் தூசியைத் தொடும்படி செய்தால் கலங்கியது.

உங்கள் கேள்வி உண்மையிலேயே கடிக்கிற இடம் இதற்கடுத்து வருகிறது. ஃபெலிக்ஸ் பூஷே என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர் 1863-ல் பைரனீஸ் மலைக் காற்றில் குடுவைகளைத் திறந்து பார்த்தார். அவருடைய குடுவைகளில் உயிர் வந்தது. அவரும் கொதிக்க வைத்துத்தான் செய்தார். ஆனால் பாஸ்டர் எடுத்தது ஈஸ்ட் சாறு, பூஷே எடுத்தது காய்ந்த புல்லை ஊறவைத்த நீர். புல்லில் இருக்கும் ஒரு பாக்டீரியா வித்தாக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலைக்கு, மாறிக்கொண்டு கொதிநீரையும் தாங்கிவிடும் என்று 1876-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் காட்டினார். பூஷேயின் குடுவையில் உயிர் புதிதாகப் பிறக்கவில்லை, கொதித்தும் சாகாமல் கிடந்திருக்கிறது.

எந்தச் சாறு என்று தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புல்லில் இருந்த அந்த வித்து அவர்களில் யாரும் செய்து வைத்ததல்ல. அது அங்கே இருப்பதே இருவருக்கும் தெரியாது. பாரிசின் அறிவியல் கழகம் இந்த விளக்கம் கிடைப்பதற்கு முன்பே பாஸ்டர் பக்கம் சாய்ந்துவிட்டது. பூஷே கண்ணால் கண்டது பொய்யில்லை. அது ஏன் நடந்தது என்று தெரிவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1872-ல் அவர் இறந்துபோனார் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.